விழுந்து கிடக்க வேண்டிய வேலி

மேவிஸ் டாலன் கவலை இல்லாமல் இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். பல் பிடுங்குவதற்காக மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அதைக்கூட முழுதாகக் கணக்கில் சேர்க்க முடியாது. கண் செருகும் நேரத்தில் டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாட்டுத் தொட்டியில ஐஸ் உடைச்சாச்சான்னு யாராவது போயி பாருங்களேன்" என்றார். அப்போது ஜூலை மாதம்.

நான் அவரிடம் மாதச் சம்பளத்துக்கு மாடு பார்க்கிறேன். ஆறடிக்கு இரண்டு விரல் குறைந்த உயரம், ஆண்கள் போடும் பூட்ஸ், எப்போதும் மேற்கே பார்த்த முகம். மழை, பனி, காற்று, விருந்தாளி எல்லாம் மேற்கிலிருந்துதான் வரும் என்பது அவர் கட்சி. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கவலை உண்டு. சுண்டுவிரல் வைக்கோல், அடுத்தது கிணற்று மோட்டார், நடுவிரல் காளைகள், ஆள்காட்டி விரல் அந்த வாரத்தில் புதிதாக எது வந்ததோ அது. எல்லாவற்றையும் தொட்டு எழுப்பிவிடுகிற கட்டைவிரல் அவருடைய தம்பி லாய்டு.

மேவிஸ் ஒரு தடவை கல்யாணமும் செய்துகொண்டார். மாட்டுத் தீவனம் ஏற்றி வந்த லாரிக்காரர். இரண்டு குளிர்காலம் தாங்கினார். "இந்தக் காத்து நிக்கவே நிக்காதா மேவிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நிற்காது என்று தெரிந்ததும் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "நல்ல மனுஷன். காதுதான் பலவீனம்" என்பார் மேவிஸ்.

அப்பா ஹால்வர் டாலன் சாகும்போது நிலத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதியாக விட்டுப் போனார். மேவிஸ் தங்கினார். லாய்டு பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கணவாய்க்கு அந்தப் பக்கம், பனிச்சறுக்கு ஊருக்குப் போய்விட்டார். அங்கே பணக்காரர்கள் வீட்டில் தரைக்கு ஓடு பதிக்கிற வேலை. நாற்பது வருடம் அடுத்தவர் தரையில் மண்டியிட்டதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. இப்போது நாற்காலியிலிருந்து எழுந்தால் முழங்கால் எழுப்பும் சத்தத்தில் நாய் குரைக்கிறது.

அந்தச் சறுக்கு ஊர்தான் வயிறு பெருத்துக்கொண்டே வந்து, இப்போது கணவாயைத் தாண்டி எங்கள் பள்ளத்தாக்கில் கால் வைத்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹென்ஷா குடும்பத்தின் பண்ணை போன வருடம் துண்டு துண்டாக விற்றுப்போனது. துண்டுக்கு ஒரு பெரிய வீடு, வீட்டுக்கு இரண்டு நாய், வருடத்தில் பத்து நாள் வந்து போகும் சொந்தக்காரர். அதை வாங்கித் துண்டு போட்ட நில வியாபாரி இப்போது டாலன் நிலத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். லாய்டுக்குத் தன் பாதி வேண்டும். மேவிஸிடம் அதைக் கொடுக்கப் பணம் இல்லை. பாதியை மட்டும் விற்றால் மிச்சத்தில் மாடு மேய்த்துப் பிழைக்க முடியாது. லாய்டு விற்றால் பண்ணையே போயிற்று என்று அர்த்தம்.

அப்போதுதான் காரா வந்தார். நிலங்களைத் துண்டாகாமல் காக்கிற ஒரு சங்கத்தில் வேலை பார்க்கிற பெண். கெட்டிக்காரி. ஆனால் எதைச் சொன்னாலும் வாக்கியத்தின் வாலைத் தூக்கிக் கேள்வியாக முடிப்பார். மேவிஸ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அந்த வீட்டுத் தண்ணிக் காப்பியை முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டு விளக்கினார்.

"நிலம் உங்களோடதுதான்? மாடு மேய்க்கலாம்? புல் அறுக்கலாம்? விக்கக்கூட விக்கலாம்? ஆனா துண்டு போட முடியாது? வீடு கட்ட முடியாது? அந்தக் கட்டுற உரிமைய மட்டும் நாங்க காசு குடுத்து வாங்கி, யாருமே பயன்படுத்தாதபடி பூட்டி வெச்சிருவோம்?"

"எத்தனை நாளைக்கு?" என்றார் மேவிஸ்.

"என்னைக்கும்?"

"என்னைக்கும்னா?"

"என்னைக்கும்னா… என்னைக்கும்தான்?"

பக்கத்துப் பண்ணை ஆர்வில் கிழவர் வாயோரத்தில் தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்குள் அடுத்த சொல்லுக்கு வயதாகிவிடும். "என் கல்யாணத்துலயும்… பாதிரியார் அதே வார்த்தையத்தான் சொன்னாரு. நாலு வருஷம் தாங்குச்சு."

"நீங்க சும்மா இருங்க ஆர்வில்."

"நான் என்ன சொல்லிட்டேன். கல்யாணம் உண்டு, சாந்தி முகூர்த்தம் கெடையாதுங்கிற மாதிரி இருக்குன்னுதான்…"

மேவிஸ் சிரிக்கவில்லை. அந்த 'என்றைக்கும்' அவருக்குப் பெரிய பயம்தான். தான் செத்த பிறகும் நிற்கப்போகிற ஒன்றில் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயமா? ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரவில் எரிகிற விளக்குகளை நினைத்தால் அதைவிடப் பெரிய பயம் வந்தது. ஒப்பந்தப் பணம் முழுவதும் லாய்டுக்குப் போகும், லாய்டின் பாதி மேவிஸுக்கு வரும், பண்ணை முழுசாக நிற்கும். ஏற்பாடு அவ்வளவுதான்.

சங்கத்துக்காரர்கள் இந்த நிலத்தைத் தேடி வந்ததற்குக் காரணம் மாடும் இல்லை, மேவிஸும் இல்லை. இடுக்கு. நிலத்தின் வடக்கு முனையில் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, நடுவில் ஒடுங்கிய ஒரு சமவெளி. மலையில் பனி இறங்கியதும் கவைக்கொம்பு மான்கள் அந்த இடுக்கு வழியாகத்தான் தெற்கே குளிர்காலப் புல்லுக்குப் போகின்றன. நாங்கள் அவற்றை மான் என்று சொல்வதில்லை, ஆடு என்போம். ஓட்டத்தில் அவற்றை ஜெயிக்க இங்கே எதுவும் இல்லை. ஆனால் இடுப்புயர வேலி ஒன்று குறுக்கே நின்றால் தாண்டாது. குனிந்து அடிக்கம்பிக்குக் கீழே நுழையப் பார்க்கும். அடிக்கம்பி தாழ்ந்திருந்தால் போச்சு. வேலியோரமாக இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே இருக்கும், பனி வந்து மூடுகிற வரைக்கும்.

அதனால் மேவிஸ் இடுக்கில் போட்டிருப்பது படுக்கிற வேலி. கம்பிகளை இடைக்குச்சிகளில் கட்டி, குச்சிகளைக் கம்பங்களில் வளையம் போட்டு மாட்டியிருப்பார். இலையுதிர்காலத்தில் மாடுகள் வடக்கு மேய்ச்சலிலிருந்து இறங்கியதும் வளையங்களைக் கழற்றினால், வேலி அலுத்துப்போன ஆள் மாதிரி அப்படியே தரையில் படுத்துவிடும். வசந்தத்தில் தூக்கி மாட்ட வேண்டும். அந்த வருடமும் அக்டோபர் தொடக்கத்தில் அவரும் நானும் போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தோம். திரும்பும்போது, "எல்லாத்தையும் கழட்டினோமா? அந்தக் கடைசி வளையம்?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் காட்டினேன்.

பணம் கொடுக்கிற குழுவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. காரா அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "போன வருஷம் நாங்க கழுத்துல ரேடியோ காலர் மாட்டின மான்ல சிலது ஆத்துக்கு அந்தப் பக்கமா போயி, நாய் துரத்தித் திரும்பிடுச்சு? அதனால கேக்கறாங்க? இந்த வழி இன்னும் உயிரோட இருக்கான்னு? இந்த வருஷம் கூட்டம் இடுக்கு வழியா வந்துட்டா போதும்? இல்லன்னா பணம் வேற பண்ணைக்குப் போயிரும்?"

"வரும்" என்றார் மேவிஸ். சொல்லிவிட்டு எல்லா விரல்களையும் தொட்டுப் பார்த்தார்.

கன்றுகளை லாரியில் ஏற்றி அனுப்புகிற நாள்தான் எங்களுக்குப் பெரிய நாள். அக்கம்பக்கமெல்லாம் குதிரையோடு வந்துவிடும். யாருக்கும் கூலி கிடையாது, மத்தியானச் சாப்பாடுதான். மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, அதில் தொட்டுக்கொள்ளப் பட்டை போட்ட இனிப்பு ரொட்டி. வெளியூர்க்காரர்கள் இந்தச் சேர்க்கையைப் பார்த்துத் திகைப்பார்கள். திகைக்கட்டும், எங்களுக்கு மிச்சம். இன்னொரு வழக்கமும் உண்டு. செய்த உதவியை வாய் திறந்து சொல்லக்கூடாது. ஆர்வில் ஒரு தடவை எங்கள் வீட்டுக் கொட்டகைக் கூரையைச் சரிசெய்து கொடுத்ததே, இரண்டு வருடம் கழித்து மழையில் ஒழுகாதபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த நாளுக்கு லாய்டும் வந்திருந்தார். வெகு வருடத்துக்குப் பிறகு. குதிரையில் ஏற முடியாமல் கதவுகளைத் திறந்து மூடுகிற வேலை பார்த்தார்.

"லாய்டு, உன் பூட்ஸுல சாணியே இல்லையே. வாடகைக்கு எடுத்துட்டு வந்தியா?" என்றார் ஆர்வில், குழம்பை ஊதிக்கொண்டே.

"திருப்பிக் குடுக்கும்போது அழுக்கா இருந்தா அபராதம் போடுவாங்க ஆர்வில்."

"வேலிக் கதவு மூடத் தெரியுதா, மறந்துபோச்சா?"

"மூடத்தான் செஞ்சேன். நீங்க உள்ள இருந்தீங்கன்னு கவனிக்கல."

மேசையே சிரித்தது. மேவிஸ் மட்டும் ரொட்டி போதுமா என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் அக்காவும் தம்பியும் நின்றார்கள். நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மேவிஸ், உன்னோட சண்டை போட வரல நான். இந்த முட்டியால இன்னொரு குளிர்காலம் ஓடு பதிக்க முடியாது."

"தெரியும்."

"நவம்பர் கடைசி, தாங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள உன் நிலச் சங்கத்து ஆளுங்க ஆமான்னா, ஆமா. இல்லன்னா அந்த வியாபாரிகிட்ட கையெழுத்துப் போட்டுருவேன். அவனும் அதுக்கு மேல நிக்க மாட்டான்."

"ஆடு வந்துட்டா ஆமான்னுடுவாங்க."

"வரலன்னா?"

மேவிஸ் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

லாய்டு இரண்டு நாள் தங்கினார். இரண்டாம் நாள் காலையில் அப்பாவின் பழைய கருவிப் பையை எடுத்துக்கொண்டு, "சும்மா சுத்திப் பாத்துட்டு வரேன்" என்று வண்டியில் கிளம்பினார். இருட்டும் நேரத்தில்தான் திரும்பினார். கையெல்லாம் கீறல். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "அங்கங்க" என்றார். மறுநாள் கணவாய் ஏறிப் போய்விட்டார்.

நவம்பர் வந்தது. மலை வெளுத்தது. மான்கள் வரவில்லை.

மேவிஸ் இடுக்குப் பக்கம் போகவே இல்லை. மனித வாசனை பட்டால் கூட்டம் மிரண்டு திரும்பிவிடும் என்று பயம். என்னையும் விடவில்லை. "தொலைவுல நின்னு பாத்துட்டு வரேனே" என்றால், "உன் தலைய பாத்தாலே போதும், மலையே திரும்பிப் போயிரும்" என்பார். கேலி செய்கிற மாதிரி தெரியும். ஆனால் சாப்பாட்டுத் தட்டு நிறைந்தபடியே நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. இனிப்பு ரொட்டி சுடுவதை நிறுத்திவிட்டார். காற்றடித்தால் எழுந்து நின்றார். காற்று நின்றால் அதைவிட வேகமாக எழுந்து நின்றார்.

காரா போன் பண்ணினார். "காலரெல்லாம் இடுக்குக்கு வடக்கால ஒரே இடத்துலயே சுத்துது? மூணு நாளா? ஏன்னு புரியல? குழு வியாழக்கிழமை வராங்க?"

"பனி அதிகமா விழலல்ல, அதான். விழுந்தா இறங்கிரும்" என்றார் மேவிஸ். போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "வழிய மறந்துருச்சுன்னா டெஸ்? அந்த வீட்டு வெளிச்சத்தப் பாத்துட்டு, இனிமே இந்தப் பக்கமே வேண்டாம்னு முடிவு பண்ணிருச்சுன்னா?"

"ஆடுங்க கூட்டம் போட்டு ஓட்டெடுக்குமா மேவிஸ்? நீங்க பேசாம படுங்க."

"அதுங்களுக்கும் தலைவி இருக்கு. கிழட்டுப் பொட்டை ஒண்ணு முன்னாடி நடக்கும். அது நின்னா எல்லாம் நின்னுரும். அது செத்துப்போயிருந்தா?"

மறுநாள் காலை ஆர்வில் கூப்பிட்டார். அவருடைய வீடு இருக்கிற மேட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் இடுக்கின் வடபக்கம் தெரியும். சத்தமாக வைத்துக் கேட்டோம்.

"ஏம்மா மேவிஸ்… உன் ஆடுங்கெல்லாம் டிக்கெட் வாங்க நிக்கிற மாதிரி வரிசையில நிக்குதே. வேலிய எப்பத்தான் படுக்க வெப்பே?"

"அது அக்டோபர்லயே படுத்தாச்சு ஆர்வில்."

"படுத்துச்சா? என் கண்ணுக்கு… சிப்பாய் மாதிரி நின்னுட்டிருக்கு."

"கண்ணாடியத் தொடைச்சிட்டுப் பாருங்க."

"தொடைச்சாச்சு. ரெண்டாந்தரமும் நிக்குது."

மேவிஸ் கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். வழி முழுவதும், "நாம கழட்டினோம்ல? நீ பாத்தல்ல? கடைசி வளையத்தக்கூடக் காட்டினியே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேலி நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தட்டினால் வீணை மாதிரி ஒலிக்கிற இறுக்கத்தில் நின்றது. வளையங்களைக் காணோம். ஒவ்வொரு கம்பியும் கம்பத்தோடு சேர்த்துப் புது ஆணி அடிக்கப்பட்டிருந்தது. அடிக்கம்பி முழங்காலுக்குக் கீழே, முள்ளோடு. அதற்கு அந்தப் பக்கம் மான்கள். இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. வேலியோரமாக அவை நடந்து நடந்து பனி சேறாகி, ஒரு தடமே விழுந்திருந்தது. சிலவற்றின் முதுகில் முடி பிய்ந்திருந்தது. நுழையப் பார்த்திருக்கின்றன.

மேவிஸ் ஒரு கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். மூலைக் கம்பத்தில் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே மடக்கியிருந்தது. "இது எங்கப்பா கட்டுற கட்டு" என்றார். "எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்."

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நடந்துபோய் அங்கேயே நின்று போன் போட்டார். எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார்.

"லாய்டு, இடுக்கு வேலிய நீயா தூக்கினே?"

வெட்கப்படுகிற மாதிரி ஒரு குரல். "பாத்துட்டியா? வசந்தத்துலதான் பாப்பேன்னு நெனச்சேன்."

"எதுக்குடா தூக்கினே?"

"எதுக்குன்னா? மொத்தமா விழுந்து கெடந்துச்சு மேவிஸ். அப்பா பாத்திருந்தா அங்கேயே உயிர விட்டிருப்பாரு. நீ ஒத்த ஆளா எத்தனையத்தான் பாப்பே? விக்கிறதா இருந்தாலும் சரி, விக்காட்டியும் சரி, உனக்கு ஒண்ணாவது செஞ்சுட்டுப் போலாம்னு…"

"நான்தான்டா அதப் படுக்க வெச்சேன்!"

"நீயா? எதுக்கு?"

"ஆட்டுக்கு! வருஷா வருஷம் படுக்க வெக்கிறேன். ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதாக்கும்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இருந்தப்போ அது வருஷம் பூரா நிக்குமே."

"ஆடு வராட்டி உனக்கு நல்லதுதானே லாய்டு. வியாபாரி காத்துட்டிருக்கான். தாங்க்ஸ்கிவிங் வந்துருச்சு. ரொம்ப சௌகரியம்."

"மேவிஸ், நான் வேணும்னே செஞ்சேன்னு சொல்றியா?"

மேவிஸ் போனை அணைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. மூக்கை மட்டும் கையுறையால் ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "ஆணி பிடுங்குறத எடு" என்றார்.

ஆரம்பித்தோம். மேற்கே வானம் ஈயம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. நாங்கள் நெருங்கியதும் மான்கள் கொஞ்சம் பின்வாங்கி, பாறை அடியில் நின்று எங்களையே பார்த்தன. ஆணிகள் லேசில் வரவில்லை. உறைந்த மரத்தில் தலை முழுக்கப் பதிந்திருந்தன.

"எவ்வளவு நல்லா அடிச்சிருக்கான் பாவி" என்றார் மேவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு ஆணியாவது கோணலா இருக்கா பாரு. ஸ்கூல்ல இருந்தே இப்படித்தான். செய்யாதேன்னா செய்வான். செஞ்சா திருத்தமா செய்வான்."

மத்தியானம் கழிந்தும் பாதி வேலி நின்றுகொண்டிருந்தது. பனி தூற ஆரம்பித்தது. மெல்லியதுதான், ஆனால் காற்று அதை வேலியடியில் கொண்டுவந்து குவித்தது. இன்னும் கொஞ்சம் குவிந்தால் கம்பியே மூடிப்போகும். அப்போதுதான் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. லாய்டு இறங்கினார். நேராகப் போய் அந்தக் கோடியிலிருந்து ஆணி பிடுங்க ஆரம்பித்தார். அடிக்கம்பி ஆணிக்காக ஒவ்வொரு கம்பத்தின் கீழும் பனியில் மண்டியிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தார். அடுத்த கம்பத்தில் மறுபடி மண்டியிட்டார்.

நடுவில் சந்தித்தோம்.

"எழுந்திருடா. முட்டிய வெச்சுக்கிட்டு…" என்றார் மேவிஸ்.

"முட்டி போடறது எனக்குப் பழக்கம்தான். உனக்குத்தான் குனிய வராது."

"நான் கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசிட்டேன்."

"பேசினே." ஆணியை இழுத்தார். "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா கேட்டிருப்பேன்."

"செஞ்சத எப்படிச் சொல்லிக்கிறது? நல்லாவா இருக்கும்?"

மேவிஸ் அடுத்த ஆணியைப் பிடித்து இழுத்தார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் லாய்டு கேட்டதையேதான் கேட்டிருப்பார்கள்.

கடைசிக் கம்பியும் விழுந்தது. அதைக் காலால் மிதித்துத் தரையோடு தரையாக அழுத்தினோம். வண்டியைத் தெற்கே மேட்டின் பின்னால் ஒதுக்கி, மூன்று பேரும் முன்சீட்டில் நெருங்கி உட்கார்ந்தோம். என்ஜினைப் போடக்கூடாது என்று மேவிஸின் உத்தரவு. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. லாய்டு தன் தொப்பியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மான்கள் வந்தன. வேலி இருந்த இடம் வரைக்கும் வந்து நின்றுவிட்டன. கம்பி இல்லை, ஆனால் கம்பங்கள் நிற்கின்றனவே. இத்தனை நாள் குத்திய இடம். முன்னால் நின்ற கிழட்டுப் பெட்டை தரையை மோந்து பார்த்தது, பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி பின்வாங்கியது. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் அப்படியே அசைந்தது.

"என்னால பாக்க முடியல" என்றார் மேவிஸ். தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ சொல்லு."

"நிக்குது" என்றார் லாய்டு.

"இன்னும்?"

"இன்னும்."

"திரும்பிருச்சா?"

"கத்தாதே மேவிஸ். நிக்குதுன்னேன்ல."

பனி அடர்ந்தது. கம்பங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. லாய்டு பேச்சை நிறுத்தியதும் மேவிஸின் கை என் முழங்கையைப் பிடித்தது. மறுநாள் அந்த இடம் கன்றிப்போயிருந்தது.

"லாய்டு?"

"உஷ்."

"லாய்டு, சொல்லித் தொலை."

"போகுது" என்றார். குரல் மாறியிருந்தது. "கிழவி ஒரு காலத் தூக்கி வெச்சா. தரை சுடுற மாதிரி. அப்புறம் போயிட்டா. பின்னாடியே எல்லாம் போகுது. ஆறு மாதிரி போகுது மேவிஸ். தொப்பிய எடு, பாரு."

மேவிஸ் தொப்பியை எடுத்தார். எங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் மான்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளைப் பின்புறங்கள் பனியில் தெரிந்து தெரிந்து மறைந்தன. சத்தமே இல்லை, குளம்பு படுகிற ஒரு மெல்லிய தடதடப்பு மட்டும். அதில் ஒன்றின் கழுத்தில் காலர் இருந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். அத்தனை நேரமும் லாய்டு வாயைத் திறந்தபடியே இருந்தார்.

"நான் இருந்தப்போ இதுங்கள இப்படிப் பாத்ததே இல்ல" என்றார்.

"நீ இருந்தப்போ வேலி நின்னுச்சு."

லாய்டு போனை எடுத்தார். அந்த இடத்தில் சிக்னல் இல்லை. இறங்கி, காலை இழுத்து இழுத்து மேட்டில் ஏறினார். அந்தக் காற்றிலும் அவர் குரல் எங்களுக்குக் கேட்டது. "இல்ல… வேண்டாம்னு சொல்றேன்… ஆமா, நெஜமாத்தான். இல்ல, விலைக்காக இல்ல." திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"யாருகிட்ட பேசினே?"

"வியாபாரிகிட்ட. காரா பொண்ணுகிட்ட சொல்லு, என் கையெழுத்து எப்ப வேணும்னாலும் கெடைக்கும்னு."

மேவிஸ் அவரையே பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், முகம் தளர்ந்தது. உடனே கட்டைவிரல் நடமாட ஆரம்பித்துவிட்டது. "குழு வேண்டாம்னுட்டா? வியாபாரியையும் விட்டுட்டே. பணம் வரலன்னா உன் முட்டிக்கு என்ன பண்ணுவே?"

"வேற குழு பாக்கலாம். முட்டி எங்கேயும் ஓடிறாது, ஓடத் தெரியாது அதுக்கு. வண்டிய எடு, உறைஞ்சுபோச்சு."

மேவிஸ் சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமியது. பிறகு அணைத்துவிட்டார்.

"இப்ப என்ன?"

"அங்க பாரு."

வேலி இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குட்டி நின்றிருந்தது. பின்னங்காலில் கம்பி கிழித்த காயம். தனியாக நின்று, கூட்டம் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேவிஸ், அது ஒண்ணு. இத்தனை போயிருச்சு."

"தெரியும்."

"இருட்டப் போகுது."

"தெரியும்டா."

லாய்டு பெருமூச்சு விட்டார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். தொப்பியால் கண்ணாடியைத் துடைத்து, அக்காவுக்குத் தெரிகிற மாதிரி ஒதுங்கி உட்கார்ந்தார். குட்டி ஒரு அடி எடுத்து வைத்தது. நின்றது. இன்னொரு அடி எடுத்து வைத்தது.